ஜெர்மன் பி1 முடித்தவர் வேலூரிலேயே இருந்து ஆசிரியர் ஆக முடியுமா?

"குடியாத்தத்தில் இருக்கிறேன். எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்திருக்கிறேன். கோத்தே பி1 தேறிவிட்டேன். சென்னைக்குக் குடிபோகாமல் ஜெர்மன் ஆசிரியர் ஆக எந்தச் சான்றிதழ் வாங்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சான்றிதழைப் பற்றிக் கேட்டாலும் உள்ளே இருப்பது இரண்டு கேள்விகள். சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு எனக்கு மொழி வந்துவிட்டதா? வேலூர்ப் பக்கம் காசு கொடுத்து ஜெர்மன் கற்க யார் இருக்கிறார்கள்? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் எந்தச் சான்றிதழ் என்பது தானாகத் தெளியும். என் துறை ஜெர்மன். பிரெஞ்சு, ஜப்பானியம் பற்றிச் சொல்வதைப் பொது விதிகள் என்ற அளவில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று படிப்படியாக ஏறும் மொழி நிலைகளில் பி1 போதாது. ஏ1 வகுப்பில் இன்னொருவருக்கு உதவியாக நிற்கலாம், வீட்டுப்பாடம் திருத்தலாம், அவ்வளவுதான். சொல்லிக்கொடுக்கும் நிலைக்கு இரண்டு படி மேலே ஆசிரியர் நிற்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் நடைமுறைக் கணக்கு. ஏ2 வரை எடுக்க பி2, பி1 எடுக்க சி1. பாடப்புத்தகத்தில் இருப்பதைச் சொல்ல பி1 போதும்தான். ஆனால் மாணவர் எழுதிவரும் கடிதத்தில் ஒரு வாக்கியம் இலக்கணப்படி சரியாக இருந்தும் ஜெர்மன்காரர் அப்படிச் சொல்லமாட்டார் என்று கண்டுபிடிப்பதற்கு மேல்நிலைப் பயிற்சி வேண்டும். உங்கள் இலக்கு சி1. ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கோத்தே நிறுவனம் சொல்லும் கணக்கு 45 நிமிடப் பாடவேளைகளில் வரும்: ஏ1-க்கு 80 முதல் 200, ஏ2 முடிய 200 முதல் 350, பி1 முடிய 350 முதல் 650, பி2 முடிய 600 முதல் 800, சி1 முடிய 800 முதல் 1,000. எல்லாமே தொடக்கத்திலிருந்து கூட்டிய எண்ணிக்கை. ஆக உங்களுக்கு இன்னும் 400 பாடவேளைகள் போல இருக்கின்றன. வாரம் 10 பாடவேளை வைத்தால் ஒரு வருடத்துக்குள் முடியும். பி2-வைத் தாண்டியதும் ஏ1 வகுப்பைத் தனியாக எடுக்கத் தொடங்கலாம், தப்பில்லை. சி1 வரும்வரை பி1 வகுப்பை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது கேள்விதான் வேலூருக்கே உரியது. இங்கே ஜெர்மன் கற்க வருகிறவர்களில் பெரும்பாலோர் மொழி ஆசையால் வருவதில்லை, ஒரு தேர்வு மதிப்பெண்ணுக்காக வருகிறார்கள். முதல் கூட்டம் செவிலியர்கள். சி.எம்.சி.யையும் சுற்றியுள்ள நர்சிங் கல்லூரிகளையும் வைத்துப் பார்த்தால் இந்த ஊரில் செவிலியர் எண்ணிக்கைக்குக் குறைவே இல்லை. ஜெர்மனியில் செவிலியராகப் பதிவு பெறப் பொதுவாக பி2 கேட்கிறார்கள். பி1-ஓடு போய் மீதியை அங்கே முடிக்கிற வழியும் உண்டு. 2024 அக்டோபரில் இந்தியத் திறன் தொழிலாளர்களுக்கான ஆண்டு விசா எண்ணிக்கையை 20,000-லிருந்து 90,000-ஆக உயர்த்துவதாக ஜெர்மனி அறிவித்ததிலிருந்து விசாரிக்கிறவர்கள் கூடிவிட்டார்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் செவிலியர்களுக்கு ஜெர்மன் பயிற்சி நடத்தியிருக்கிறது. இரண்டாவது கூட்டம் வி.ஐ.டி. மாதிரிக் கல்லூரிகளில் படித்து முதுநிலைக்கு ஜெர்மனி போகிற பொறியியல் மாணவர்கள். இவர்களில் பலர் ஆங்கிலவழிப் படிப்புக்குப் போவதால் ஏ2-வோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆகவே நிலையான வருமானம் செவிலியர் வகுப்பில்தான்.

அந்த வகுப்பில் முதலில் இடிப்பது காலக்கெடு. "ஆறு மாதத்தில் பி2" என்று சுவரொட்டி ஒட்டுகிற, செவிலியர்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் ஏஜென்சிகள் உண்டு. மேலே சொன்ன கணக்கில் போட்டுப் பாருங்கள். பி2-க்குக் குறைந்தது 600 பாடவேளை. ஆறு மாதத்தில் முடிக்க மாதம் 100. மாதம் 25 நாள் என்றால் நாளைக்கு 4 பாடவேளை, அதாவது இடைவிடாமல் மூன்று மணி நேரம், வீட்டுப்பாடம் தனி. டூட்டி பார்க்கிற செவிலியரால் இது ஆகாது. வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். நைட் டூட்டி முடித்து வந்தவர் காலை வகுப்பில் தூங்குவார். ஒரே பாடத்தைக் காலையிலும் மாலையிலும் இருமுறை எடுத்து, எந்த ஷிஃப்டில் இருந்தாலும் ஒன்றுக்கு வரலாம் என்று வைத்தால்தான் வருகை நிற்கும். ஒருமுறை மட்டும் எடுத்து மீதிக்குக் காணொளிப் பதிவை அனுப்பினால் பதிவை யாரும் பார்ப்பதில்லை. பாதி வகுப்பு பின்தங்கியபின் ஏஜென்சி பழியை ஆசிரியர்மேல் போடும். வேலை ஒப்புக்கொள்ளும்போதே மாதம் எத்தனை பாடவேளை, எந்த மாதம் எந்த நிலை என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

தேர்வு எப்படி அமைந்திருக்கிறது என்பதை நுணுக்கமாகத் தெரிந்த ஆசிரியருக்குத்தான் இங்கே மதிப்பு. கோத்தே பி1, பி2 இரண்டும் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 100, தேர்ச்சிக்கு 60. ஒன்றில் தவறினால் அதை மட்டும் மறுபடி எழுதலாம். பி1-இல் வாசித்தல் 65 நிமிடம், கேட்டல் 40, எழுதுதல் 60. பேச்சுத் தேர்வு இரண்டு பேராக, சுமார் 15 நிமிடம். எழுத்தில் மூன்று பணிகள்: நண்பருக்குச் சுமார் 80 சொல்லில் ஒரு மின்னஞ்சல், கருத்துச் சொல்லி 80 சொல், மரியாதை நடையில் 40 சொல். பி2-இல் எழுத்து 75 நிமிடம், 150 சொல்லில் கருத்துரை, 100 சொல்லில் அலுவல் செய்தி. நம் மாணவர்கள் அதிகம் விழுவது கேட்டலிலும் எழுத்திலும். பி1 கேட்டலின் நான்கு பாகங்களில் நடுவில் உள்ள இரண்டும் ஒரே தடவைதான் ஒலிக்கும். வகுப்பில் எல்லாவற்றையும் மூன்று தடவை போட்டுக்காட்டிப் பழக்கப்படுத்திவிட்டால் தேர்வறையில் கை நடுங்கும். கடைசி ஆறு வாரம் ஒலிப்பதிவை இடையில் நிறுத்தவே கூடாது. எழுத்தில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இலக்கணத்தால் என்று நினைக்கிறார்கள். உண்மையில் கேள்வியில் கொடுத்திருக்கும் குறிப்புகளில் ஒன்றைத் தொடாமல் விடுவதாலும், நண்பருக்கு எழுதும் கடிதத்தில் திடீரென்று மரியாதைச் சொல் கலப்பதாலும் நிறையப் போகிறது. மனப்பாடக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு இது கட்டாயம் நடக்கும். குறிப்பு ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு முழு வாக்கியம், எழுதி முடித்ததும் குறிப்பை டிக் அடித்துச் சரிபார்த்தல் என்று பழக்குங்கள்.

திருத்தும் வேலைக்கு நேரம் ஒதுக்காமல் யாரும் கட்டணம் பேசக்கூடாது. 15 பேர் உள்ள வகுப்பில் ஆளுக்கு வாரம் இரண்டு கடிதம் என்றால் 30 கடிதம். ஒன்றுக்கு எட்டு நிமிடம் பிடித்தாலும் நான்கு மணி நேரம். அதற்குக் கூலி இல்லையென்றால் மூன்றாவது வாரமே திருத்துவதை நிறுத்திவிடுவீர்கள், மாணவர் எழுத்து அங்கேயே நின்றுவிடும்.

தமிழ்வழி வந்த மாணவர்களுக்கு ஜெர்மனில் சில சலுகைகள் இருக்கின்றன. ஆங்கிலம் வழியாகவே சொல்லிக்கொடுத்தால் அது வீணாகிறது. 'பள்ளிக்கு', 'பள்ளியில்' என்று நாம் பிரிப்பதை ஜெர்மன் 'இன் டி ஷூலே', 'இன் டெர் ஷூலே' என்று வேற்றுமையை மாற்றிக் காட்டும். எங்கே போகிறாய், எங்கே இருக்கிறாய் என்ற வேறுபாடு தமிழ் மாணவருக்குப் புதிதில்லை. துணை வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போவதும் அப்படித்தான். சிக்கல் முதன்மை வாக்கியத்தில். 'ஹொய்டே கேஹே இஷ்' (இன்று நான் போகிறேன்) என்று வினை இரண்டாம் இடத்தில் வர வேண்டியதை, ஆங்கிலப் பழக்கத்தில் 'ஹொய்டே இஷ் கேஹே' என்பார்கள். பி2 வரை இது ஒட்டிக்கொண்டே வரும். ஏ1-இலேயே உடைக்க வேண்டும். உச்சரிப்புக்குத் தமிழ் எழுத்தில் குறிப்பெடுப்பதை முதல் நாளே தடுங்கள். மேலே நான் எழுதியது உங்களுக்குப் புரியட்டும் என்றுதான். தமிழ் எழுத்தில் 'க' ஒன்றுதான், ஜெர்மனில் அது இரண்டு ஒலி. அதை மாற்றினால் சந்துக்கும் (Gasse) கல்லாப்பெட்டிக்கும் (Kasse) ஒரே பெயராகிவிடும். நம் நாக்குக்கு வராத இரண்டு உயிரொலிகளுக்கு வழி எளிது: உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஈ' சொல்லச் சொல்லுங்கள், அடுத்து அதே உதட்டோடு 'ஏ'. பெயர்ச்சொல்லின் பால் மட்டும் எந்தத் தந்திரத்துக்கும் அடங்காது. பால் காட்டும் டெர், டி, டாஸ் என்ற முன்சொல்லைச் சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

பாடப்பொருளுக்குப் பணம் அதிகம் தேவையில்லை. ஜெர்மனியின் டாய்ச்ச வெல்லே ஒலிபரப்பின் இலவசக் காணொளிப் பாடத்தொடர் ஏ1 முதல் பி1 வரை இருக்கிறது. அதே நிறுவனத்தின் மெதுவாக வாசிக்கும் செய்திகள் பி2 கேட்டலுக்கு நல்ல உரம். ஜெர்மனியின் முதியோர் கல்விக் கழகங்கள் நடத்தும் 'ஃபாஉ ஹா எஸ் லெர்ன்போர்டால்' தளமும் இலவசம். அங்கே பயிற்சி தன்னாலேயே திருத்தப்பட்டு வரும் என்பதால் வீட்டுப்பாடச் சுமை குறையும். மாதிரித் தேர்வுத்தாள்களை கோத்தே தளமே ஒலிப்பதிவோடு தருகிறது. அவற்றை வகுப்பின் தொடக்கத்தில் தீர்த்துவிடாதீர்கள். ஒன்றைத் தொடாமல் வைத்திருந்து கடைசி வாரம் நேரம் வைத்து எழுதச் சொல்லுங்கள். 70-க்குக் கீழே வருகிறவரைத் தேர்வுக்குப் பதிவு செய்ய விடாதீர்கள், தேர்வறையில் பத்து மதிப்பெண் குறையும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. பாடப்புத்தகத்தைப் பொறுத்தவரை ஒரே வரிசையைத் தொடர்ந்து பயன்படுத்துங்கள். ஏ1-க்கு ஒரு பதிப்பகம், ஏ2-க்கு இன்னொன்று என்று மாற்றினால் சொல்வளத்தில் ஓட்டை விழும்.

ஆசிரியப் பயிற்சிக்கு வருவோம். சி1-க்கு அடுத்தபடி நான் சொல்வது கோத்தே நிறுவனத்தின் 'டாய்ச் லேரன் லெர்னன்' (ஜெர்மன் கற்பிக்கக் கற்றல்) வரிசை. அதில் ஒவ்வொரு அலகின் முடிவிலும் உங்கள் வகுப்பில் ஒரு சிறு ஆய்வு செய்ய வேண்டும்: ஒரு கேள்வியை வைத்து, வகுப்பில் முயன்று, விளைவை எழுதிக் காட்டுதல். கையில் வகுப்பே இல்லாதவர் இதில் தடுமாறுவார். ஆகவே ஏ1 வகுப்பு ஒன்றைத் தொடங்கிய பிறகே சேருங்கள். இப்போது வேலையில் இருக்கும் ஆசிரியர்களுக்கு ஜெர்மனியில் இரண்டு வாரப் பயிலரங்குகளுக்கு உதவித்தொகையும் கோத்தே வழியாகக் கிடைக்கிறது. உலக அளவில் ஜெர்மன் ஆசிரியர் மாநாடு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும். 2021-இல் நடக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போய் 2022-இல் வியன்னாவில் நடந்தது, அடுத்தது 2025-இல் லூபெக்கில் நடந்தது. செலவு அதிகம், தொடக்கத்தில் தேவையில்லை. தேர்வு நடத்தி மதிப்பெண் போடும் தேர்வாளராக அங்கீகாரம் பெறுவது வேறு வழி: தேர்வு மையம்தான் அதற்குப் பயிற்சி தரும், வெளியாள் விண்ணப்பித்து வாங்க முடியாது. வேலூர்க்காரர்கள் தேர்வுக்குச் சென்னையில் கோத்தேயின் கிளையான மாக்ஸ் முல்லர் பவனுக்கோ பெங்களூருக்கோ போகிறார்கள். காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரல் ஏறத்தாழ 130 கிலோமீட்டர்தான் என்றாலும், காலைத் தேர்வுக்கு முதல்நாளே போய்விடச் சொல்லுங்கள். இடம் பதிவு திறந்த வேகத்தில் நிரம்பிவிடும் என்பதால் படிப்பு முடிகிற நாளையும் பதிவு நாளையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

கல்லூரி வேலை ஆசை இருந்தால் இங்கே விதியும் நடைமுறையும் வேறு வேறு என்று தெரிந்துகொள்ளுங்கள். விதி இது: உதவிப் பேராசிரியர் பணிக்கு அந்த மொழியிலேயே முதுகலையில் 55 விழுக்காடு (ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50), அதோடு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது விதிப்படியான பிஎச்.டி. ஜெர்மன், பிரெஞ்சு, ஜப்பானியம் எல்லாம் நெட் பாடப்பட்டியலில் உண்டு. முதல் தாள் 50 கேள்வி 100 மதிப்பெண், இரண்டாம் தாள் 100 கேள்வி 200 மதிப்பெண், மூன்று மணி நேரம், தவறான விடைக்குக் கழிவு இல்லை. உங்கள் ஆங்கில முதுகலை இதற்கு எண்ணப்படாது. ஜெர்மன் முதுகலைக்கு ஐதராபாத் இஃப்லு, டெல்லி ஜே.என்.யூ., புனே பல்கலைக்கழகம் என்று வெளியூர் போக வேண்டும். நடைமுறை இது: ஆங்கிலத் துறையில் ஆசிரியராகச் சேர்ந்து, கல்லூரி நடத்தும் ஜெர்மன் சான்றிதழ்ப் படிப்பைக் கூடுதலாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் எம்.ஏ.வுக்கும் பி.எட்.டுக்கும் இந்த வழி பொருந்துகிறது. சத்துவாச்சாரியிலிருந்து வாணியம்பாடி வரை கலைக்கல்லூரிகள் நிறைய. 40 மணி நேர ஏ1 படிப்பு ஒன்றுக்கு ஒரு பக்கத் திட்டம் எழுதி முதல்வரிடம் கொடுங்கள். 40 மணியில் ஏ1 முழுதும் முடியாது, பாதிதான் முடியும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். கௌரவ விரிவுரையாளருக்கு யு.ஜி.சி. 2019-இல் சொன்ன விகிதம் பாடவேளைக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000-க்கு மிகாமல். தனியார் கல்லூரிகள் அதைத் தருவது அரிது, ஆனாலும் பேரம் பேசத் தொடங்குகிற எண் அதுவாக இருக்கட்டும்.

பள்ளி வேலையை நம்பி மட்டும் திட்டம் போடாதீர்கள். கேந்திரிய வித்யாலயாக்களில் 2011 ஒப்பந்தப்படி மூன்றாம் மொழியாக வந்த ஜெர்மனை 2014 நவம்பரில் அந்த இடத்திலிருந்து எடுத்தார்கள். கல்வியாண்டின் நடுவில் ஆசிரியர்கள் திண்டாடினார்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கை மூன்று மொழியில் இரண்டு இந்திய மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. ஆங்கிலம் ஓர் இடத்தை எடுத்துக்கொண்டால் வெளிநாட்டு மொழிக்கு மீதி என்ன இருக்கிறது? சி.பி.எஸ்.இ. பள்ளிகள் இதை எப்படிச் செயல்படுத்தும் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். மாநிலப் பாடத்திட்டத்தில் 2006 சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். பதினொன்றில் முதல் மொழியாகப் பிரெஞ்சு எடுப்பவர்கள் பலர். மதிப்பெண் கணக்குத்தான் காரணம், பேசவெல்லாம் வராது. பிரெஞ்சு ஆசிரியருக்கு அங்கே ஆண்டுதோறும் வேலை உண்டு, ஜெர்மனுக்கு மிகக் குறைவு. பிரெஞ்சில் டெல்ஃப் தேர்வு முறையும் வேறு: மொத்தம் 100-க்கு 50, ஒவ்வொரு பகுதியிலும் 25-க்கு 5-ஆவது வேண்டும், தவறினால் முழுதும் மறுபடி. ஜப்பானியத்தில் ஜே.எல்.பி.டி. தேர்வு ஜூலை, டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறை. அதில் பேச்சும் எழுத்தும் கிடையாது என்பதால் என்4 (கீழிருந்து இரண்டாம் நிலை) சான்றிதழோடு வந்து ஒரு வாக்கியம் பேசத் திணறுகிறவர்களைப் பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஜப்பானிய நிறுவனங்களுக்குப் பேச்சுத்தான் வேண்டும்.

இணையவழி வகுப்புக்கு ஒரு எச்சரிக்கை. ஆசிரியரையும் மாணவரையும் சேர்த்துவைக்கும் ப்ரெப்ளி போன்ற தளத்தில் ஒவ்வொரு புது மாணவரின் முதல் வகுப்புக் கட்டணம் முழுதும் தளத்துக்கே. பிறகும் தளம் எடுத்துக்கொள்ளும் பங்கு 33 விழுக்காட்டில் தொடங்கி, நீங்கள் எடுத்த மணி கூடக்கூட 18 வரை குறையும். ஜெர்மன் கற்பிக்க அங்கே ஜெர்மன்காரர்களோடு போட்டி. தமிழ் கற்பிக்க உங்களுக்குப் போட்டி குறைவு. புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளுக்குத் தமிழை அயல்மொழி முறையில், நிலை பிரித்து, பேச்சுத் தமிழிலிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்கள் மிகவும் குறைவு. ஜெர்மன் வகுப்புக்காக நீங்கள் கற்கும் முறை அப்படியே அங்கே உதவும். ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிலில் மொழிபெயர்ப்பாளர் வேலை இருக்கிறது என்பார்கள். கண்காட்சி நாட்களிலும் இயந்திரம் நிறுவ ஆள் வரும்போதும் சில நாள் வேலை, அவ்வளவே. அதுவும் இத்தாலியத்துக்குக் கூடுதல் வாய்ப்பு.

கடைசியாகப் பணமும் சட்டமும். கல்லூரியோ ஏஜென்சியோ தொழில்முறைக் கட்டணமாகப் பணம் தந்தால், ஆண்டு வரம்பைத் தாண்டும்போது 10 விழுக்காடு வரி பிடிப்பார்கள். வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம், பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். சொந்த வகுப்பின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும், பயிற்சி வகுப்புக்கு 18 விழுக்காடு. ஏஜென்சி உங்களிடம் "ஆள் அனுப்பினால் தலைக்கு இவ்வளவு" என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பதற்கு 1983 குடியேற்றச் சட்டப்படி பதிவு கட்டாயம். பதிவில்லாத ஏஜென்சிக்கு மாணவரை அனுப்பிக் கமிஷன் வாங்குகிற ஆசிரியரும் வழக்கில் மாட்டுவார். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்சியின் பெயரைத் தேடினால் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். வகுப்பு எடுக்க ஒப்புக்கொள்வதற்கு முன்னாலேயே அதைப் பார்த்துவிடுங்கள்.